இல்லை என்று சொல்லாதவர்

எங்கள் லயத்தில் யாருக்கு என்ன வேண்டுமென்றாலும் முதலில் போய் நிற்பது அவர் வாசலில்தான். போனால் காரியம் நடக்கும் என்பதால் அல்ல, அவர் மாட்டேன் என்று சொல்லமாட்டார் என்பதால். காரியம் நடந்ததா இல்லையா என்பது பிறகு தெரியும். மனுஷருக்கு முதலில் வேண்டியது ஒரு "ஆமா". அது அவரிடம் தாராளமாகக் கிடைத்தது.

எங்கள் தோட்டம் பட்டிப்பொல ஸ்டேஷனுக்குக் கீழே. தேயிலை முடிகிற இடத்தில் ரிசர்வ் காடு தொடங்கிவிடும். காட்டை ஒட்டிய கடைசி லயத்தில், வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில், அவர் காம்பராவும் எங்கள் காம்பராவும் அடுத்தடுத்து. நடுச்சுவர் கூரைவரை போகாது. மேலே ஒரு முழம் திறந்தே கிடக்கும். அந்த வீட்டில் மிளகாய் வறுத்தால் இந்த வீட்டில் தும்முவோம். அவரை நான் பார்த்துத் தெரிந்துகொண்டதைவிட, சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டுத் தெரிந்துகொண்டதுதான் அதிகம். முறைக்கு எனக்குப் பெரியப்பா. நான் அப்போது தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்குப் படிப்பிக்கத் தொடங்கியிருந்தேன். நாலு எழுத்துத் தெரிந்த திமிர் எனக்கு இருந்தது. அவரைப் பார்த்தால் முதலில் சிரிப்பு வரும், பிறகு எரிச்சல் வரும்.

ஆள் ஒல்லி, கொஞ்சம் கூன். யாராவது பேசத் தொடங்கினாலே அவர் தலை ஆடத் தொடங்கிவிடும். என்ன சொல்லப் போகிறார்கள் என்று தெரிவதற்கு முன்பே சம்மதம் தயார். லயத்துப் பிள்ளைகள் அவருக்குப் பூம்பூம் மாடு என்று பட்டம் வைத்திருந்தன. அவர் முகத்துக்கு நேரேயே, "தாத்தா, நீங்க மாடா?" என்று கேட்கும். "ஆமா சாமி," என்பார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

ஒருமுறை கால் வீங்கி டிஸ்பென்சரிக்குப் போனார். மருந்துக்காரர் அவசரக்காரர், காலைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "வயித்து வலியா?" என்று கேட்டார். "ஆமாங்க." "பசி எடுக்கலையா?" "ஆமாங்க." விளக்கெண்ணெயைக் குடிக்க வைத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் முழுவதும் வீங்கிய காலை இழுத்துக்கொண்டு கக்கூசுக்கும் காம்பராவுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

"காலுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பெரியப்பா," என்றேன்.

"அவரு வயிறுன்னு நெனச்சிட்டாரும்மா. படிச்சவரு. அவரை எதுக்கு மாத்திப் பேசணும்?"

தோட்டத்தில் அப்போது இரண்டு தொழிற்சங்கம். ஒரு சங்கத்துத் தலைவர் வந்து, "நம்ம பக்கம்தானே நீங்க?" என்று கேட்டார். ஆமாங்க. அவர் படி இறங்கிய கையோடு மற்றவர் வந்தார். அவருக்கும் ஆமாங்க. இரண்டு சங்கமும் ஒரே நாளில் கூட்டம் வைத்தபோது இவர் இரண்டு இடத்திலும் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாராம், ஒன்றில் தொடக்கத்திலும் இன்னொன்றில் முடிவிலும். தலைவர்கள் இரண்டு பேரும் கள்ளுக்கடை வாசலில் இவரை நடுவில் நிறுத்திச் சட்டையைப் பிடிக்கும் அளவுக்குப் போனார்கள். இவர் இரண்டு பேரையும் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு நின்றார். அடிப்பதற்குக்கூட யாருக்கும் மனம் வரவில்லை. அவ்வளவு பெரிய சண்டை, கடைசியில் சிரிப்பாக முடிந்தது.

பெரியம்மா இதற்கு ஒரு காரணம் சொல்லுவாள். அவருடைய அப்பா ஒரு தடவை பெரிய கங்காணியிடம் "முடியாதுங்க" என்று சொன்னாராம். அன்று சாயங்காலமே சட்டி பானையோடு ரோட்டில் விட்டார்களாம். மழையில் ஒதுங்க இடமில்லாமல் அலைந்து, ஒரு தங்கச்சியைக் காய்ச்சலுக்குக் கொடுத்தார்களாம். அதிலிருந்து இவர் வாயில் அந்த வார்த்தை வரவில்லை என்பாள். இருக்கலாம். ஆனால் எங்களில் யாருடைய அப்பனைத்தான் ரோட்டில் விடவில்லை? நாங்கள் எல்லாரும் இப்படி ஆகிவிடவில்லையே. காரணம் தேடினால் எதற்கும் ஒரு காரணம் அகப்படும். அவர் அப்படி, அவ்வளவுதான்.

அவரை வைத்து விளையாடுவதில் கெட்டிக்காரி பாக்கியம் சின்னம்மா. எதிர்க் காம்பரா சுப்பையா சித்தப்பாவின் பெண்சாதி. பெரியம்மாவுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. பெரியப்பாவை மச்சான் என்று கூப்பிடுவாள். வாய் அகலம், மனசும் அகலம். கொழுந்து நிறுக்கிற இடத்தில் அவள் இருந்தால் கணக்கப்பிள்ளைகூடக் கவனமாகப் பேசுவார். சாயங்காலம் தண்ணீர் பிடிக்கிற பீலியடியில், நாங்கள் எல்லாரும் குடத்தோடு வரிசையில் நிற்கும்போது, பெரியம்மா காதில் விழும்படி ஆரம்பிப்பாள்.

"மச்சான், அக்காவைவிட நான்தானே அழகு?"

"ஆமா புள்ள."

"அப்ப என்னையே கட்டியிருக்கலாம்ல?"

"ஆமா புள்ள."

பெரியம்மா ஈரத் துணியை முறுக்கி அவர் முதுகில் ஒன்று வைப்பாள். "வலிக்குதா?" என்பாள் பாக்கியம் சின்னம்மா. அதற்கும் ஆமாதான். "பாருங்கடி, இந்த மனுசன்கிட்ட ஒரு தடவை இல்லைன்னு வாங்கிக் குடுக்கிறவளுக்கு நான் ஒரு மாசத்துக்கு வெறகு கொண்டாந்து போடுறேன்," என்று பந்தயம் கட்டுவாள். யாரும் ஜெயித்ததில்லை.

விறகு என்பது சின்னப் பந்தயம் அல்ல. கவ்வாத்து நடக்கிற மலையில் வெட்டிப்போட்ட தேயிலைக் கிளைகள் கிடைக்கும். அது வருஷத்தில் கொஞ்ச நாள். மற்ற நாளெல்லாம் அடுப்பு எரிய வேண்டுமானால் காடுதான். மார்கழி தை மாதத்தில் காலையில் புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். அடுப்பு எரியாத காம்பராவில் கைக்குழந்தை தங்காது. எங்களுக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அன்றைக்குப் பெண்கள் எல்லாரும் கயிற்றையும் கம்பளியையும் எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய், காய்ந்த சுள்ளியும் விழுந்த கிளையும் பொறுக்கிக் கட்டிக்கொண்டு வருவார்கள். காட்டுக் காவலர் பார்த்தும் பார்க்காத மாதிரிப் போய்விடுவார். அவர் வீட்டிலும் அடுப்பு இருந்தது.

வெள்ளைக்காரர் காலத்தில் அந்தக் காட்டில் துரைமார் மட்டும்தான் வேட்டை. நாய்களை ஏவி மரையை விரட்டி, ஓடையில் மடக்கிக் கத்தியால் குத்துவார்கள். மரை என்றால் மான் சாதியிலேயே பெரியது, மாடு மாதிரி இருக்கும், கறுத்த தவிட்டு நிறம். பெரியப்பா இளவட்டத்தில் அந்த வேட்டை நாய்களைப் பிடித்துக்கொண்டு ஓடியவர். பனிமூட்டத்துக்குள் ஒரு காது அசைந்தால் கிடாவா பெட்டையா என்று சொல்லிவிடுவார் என்று பெயர். சுதந்திரம் வந்து சில வருஷத்தில் காட்டைப் பொதுவாக்கினார்கள். காட்டோரத்தில் இங்கிலீஷிலும் சிங்களத்திலும் ஒரு போர்டு நட்டார்கள். தட்டுத் தடுமாறி நான்தான் வாசித்துச் சொன்னேன். பருவ காலத்தில் லைசென்ஸ் எடுத்த எவரும் வேட்டையாடலாம், ஓடையில் மீன் பிடிக்கலாம். மரம் செடிக்குச் சேதம் செய்யக்கூடாது, விறகு எடுக்கக்கூடாது, மீறினால் தண்டம்.

"அப்ப மரையை எடுக்கலாம், சுள்ளியை எடுக்கக்கூடாதா?" என்று கேட்டாள் பாக்கியம் சின்னம்மா.

"அப்படித்தான் போட்டிருக்கு."

"காட்டைக் காப்பாத்துறாங்களாம்ல. நல்லாத்தான் காப்பாத்துறாங்க."

அதிலிருந்து கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். டாக்டர், வக்கீல், கடை முதலாளி. சனிக்கிழமை ரயிலில் வந்து இறங்கி, தோட்டத்தை நடத்துகிற பெரிய துரையின் பங்களாவில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை காடு ஏறுவார்கள். அவர்களுக்கு வழிகாட்ட ஆள் வேண்டுமே. பெரிய துரை இவரைக் கூப்பிட்டு, "கூடப் போறியா?" என்று கேட்டார். என்ன பதில் வந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

வந்தவர்களுக்கெல்லாம் அவரைப் பிடித்துப் போயிற்று. குண்டு மரத்தில் பட்டிருக்கும். "பட்டுச்சா?" என்று கேட்பார்கள். "ஆமாங்க, நல்லாப் பட்டிருக்கு." அப்புறம் படாத மரையைத் தேடி நாள் முழுக்க அட்டைக்கடியோடு அலைவார்கள். அகப்படாவிட்டாலும் அடித்துவிட்ட திருப்தியோடு போவார்கள். தூண்டில்காரர் ஒருவர் நாங்கள் துணி துவைக்கிற குட்டையைக் காட்டி, "இதிலே மீன் இருக்குமா?" என்று கேட்டிருக்கிறார். தவளைக் குஞ்சைத் தவிர அதில் ஒன்றும் கிடையாது. "ஆமாங்க," என்றாராம். அந்த மனிதர் பொழுது சாயும்வரை இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுவிட்டு, போகும்போது இவருக்கு ஒரு டின் பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். அதைக் கொண்டுவந்து வாசலில் வைத்தார். கேட்ட பிள்ளைக்கெல்லாம் கொடுத்தார். டின் காலியான பிறகு வந்து கேட்ட பிள்ளைக்கும் "ஆமா சாமி, இருக்கு" என்று சொல்லிவிட்டு, பெரியம்மாவுக்கு எடுத்து வைத்திருந்ததைக் கொடுத்தார். அன்றைக்கு அவரை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குப் பயமாகிவிட்டது. காட்டில் எங்கே வெடிக்கிறது என்று தெரியாது. கம்பளி போர்த்திக்கொண்டு, குனிந்து சுள்ளி பொறுக்குகிற பெண்ணுக்கும் மேய்கிற மரைக்கும் மூட்டத்தில் என்ன வித்தியாசம்? தோட்டம் கொடுக்கிற கம்பளி எல்லாம் ஒரே கறுத்த தவிட்டு நிறம்தான். பெண்கள் சேர்ந்து, தோட்ட வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாவைப் பார்க்கப் போனோம். வாசிக்கத் தெரிந்தவள் என்று என்னையும் கூட்டிப் போனார்கள்.

"ஞாயித்துக்கிழமை மட்டும் சுடாம இருக்கச் சொல்லுங்கையா. எங்களுக்கு அது ஒரு நாள்தான்," என்றாள் பாக்கியம் சின்னம்மா.

"அவங்களுக்கும் அது ஒரு நாள்தான். காடு இப்ப எல்லாருக்கும் பொது. லைசென்ஸ் எடுத்து வர்றவங்களை நான் எப்படித் தடுக்கிறது?"

"பொதுன்னா அதில நாங்க இல்லீங்களா?"

"நீயும் லைசென்ஸ் எடுத்துக்கிட்டுப் போயேன்," என்று சொல்லிவிட்டுக் கண்டாக்கையா சிரித்தார். பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளையும் சிரித்தார். பாக்கியம் சின்னம்மா சிரிக்கவில்லை. எங்களில் பாதிப் பேருக்கு எந்த நாட்டுப் பிரஜை என்ற காகிதமே கிடையாது, இதில் லைசென்ஸ்.

அங்கே நடக்காத காரியத்துக்கு வழக்கம்போலப் பெரியப்பாவிடம் வந்தோம். அவர் வாசலிலேயே ஒப்பந்தம் ஆயிற்று. விறகுக்குப் போகிறவர்கள் கீழே ஓடைப் பக்கம் மட்டும் போக வேண்டும். துப்பாக்கிக்காரர்களை அவர் மேல் காட்டைத் தாண்டி இறங்க விடக்கூடாது.

"சத்தியமாப் பாத்துக்குவீங்களா மச்சான்? விளையாட்டில்ல. புள்ளைக்காரிங்க நாங்க," என்றாள் பாக்கியம் சின்னம்மா. அவளுக்கு இரண்டு பிள்ளைகள், சின்னது அப்போதுதான் தவழ்ந்தது.

"ஆமா புள்ள. நான் பாத்துக்கிறேன். ஓடைப் பக்கம் ஒரு ஆளும் வராது."

எங்களுக்கு எவ்வளவு நிம்மதி. இத்தனை வருஷம் அவருடைய ஆமாவைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான் நாங்கள். அன்றைக்கு மட்டும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டோம். வேறு பிடி இல்லாதபோது மனுஷர் எதைத்தான் பிடிக்கமாட்டார்கள்.

அந்தப் பருவம் பாதிவரை அவர் சொன்னபடிதான் நடந்தது. மேலே வெடிச் சத்தம் கேட்கும், நாங்கள் கீழே பொறுக்குவோம். நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார் என்று சந்தோஷப்பட்டோம். யாரும் அதுவரை அவரிடம் ஓடைக்கு இறங்கலாமா என்று கேட்கவில்லை, அவ்வளவுதான் விஷயம் என்று எங்களுக்குத் தெரியாது.

தை மாதத்து ஞாயிறு ஒன்றில் வந்தவர் ஒரு தமிழர். கொழும்பில் பெரிய வியாபாரமோ உத்தியோகமோ, எங்களுக்குச் சரியாகத் தெரியாது. அன்றைக்கு நடந்ததைச் சொன்னது சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போன பங்களாச் சமையல்காரன் அப்பு. பொய் சொல்லுகிற ஆள் இல்லை.

"காலையிலேருந்து மேல ஒண்ணும் அகப்படலை. அந்த ஐயாவுக்குச் சலிச்சுப் போச்சு. 'கீழ ஓடைக்குத் தண்ணி குடிக்க வரும்தானே, எறங்கிப் பாப்பமா?'ன்னு கேட்டாரு. இவரு ஆமாங்கன்னுட்டாரு. நான் சட்டையைப் புடிச்சு இழுத்தேன். என்னைத் திரும்பிப் பாத்தாரு. பாத்துட்டு எறங்கிட்டாரு. ஓடைக்குக் கிட்ட ஒரே மூட்டம். அந்தாண்ட கரையில கறுப்பா ஒண்ணு குனிஞ்சு நின்னுச்சு. இவரு நின்னுட்டாரு. கண்ணைச் சுருக்கிக்கிட்டுப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்த மாதிரி இருந்துச்சு எனக்கு. வாயைத் தொறந்தாரு. அதுக்குள்ள அந்த ஐயா, 'மரைதானே?'ன்னு கேட்டாரு. மெதுவாத்தான் கேட்டாரு."

"இவரு என்ன சொன்னாரு?" என்று கேட்டது சுப்பையா சித்தப்பா.

அப்பு அவர் முகத்தைப் பார்க்காமல், "ஆமாங்கன்னாரு," என்றான்.

அன்றைக்கு நான் காட்டுக்குப் போகவில்லை. பாக்கியம் சின்னம்மா விறகுக் கட்டுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாளாம். பக்கத்தில் நின்ற பெண்கள் ஓடிவந்து கம்பளியை விலக்கியபோது உயிர் இல்லை. அவர்கள் கட்டிய விறகையெல்லாம் அங்கேயே போட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி கால்மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஓர் ஆம்பிளைக் கை தெரிந்து நெருங்கிப் பார்த்தால், தலைமாட்டைப் பிடித்திருந்தது பெரியப்பா. லயத்து வாசல்வரை அவர்தான் பிடித்து வந்தார். யாரும் அவரைத் தள்ளவில்லை. அப்போது எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

மரண விசாரணை தோட்டத்து ஆபீஸ் வராந்தாவில் நடந்தது. நாங்கள் முற்றத்தில் நின்றோம். விசாரணைக்கு வந்த அதிகாரியின் கேள்வியைக் கிளாக்கர் ஐயா தமிழில் மாற்றிப் பெரியப்பாவிடம் கேட்டார்.

"மூட்டமா இருந்துச்சா?"

"ஆமாங்க."

"அது வெறகு எடுக்கத் தடையான இடம். அது உனக்குத் தெரியும்."

"ஆமாங்க."

"மரைன்னு நீதான் காட்டிக் குடுத்தே."

"ஆமாங்க."

"அந்த ஐயா உன்னை நம்பித்தான் சுட்டாரு. தப்பு உம்மேல."

"ஆமாங்க."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் காட்டிக் கொடுக்கவில்லை, கேட்டதற்குத் தலையாட்டினார் என்று அப்பு சொல்லியிருக்கலாம். அவனைக் கேட்கவில்லை. ஓடைக்கு இறங்கலாம் என்று சொன்னது யார் என்று கேட்டிருக்கலாம். அதையும் கேட்கவில்லை. வழிகாட்டியின் பிழையால் நேர்ந்த விபத்து என்று முடித்தார்கள். அந்தக் கொழும்பு ஐயா வராந்தாவின் ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் அழுதார் என்று சிலர் சொன்னார்கள். அழுதிருக்கலாம். அன்று மாலை ரயிலுக்கே போய்விட்டார். பெரியப்பாவை ஜெயிலிலும் போடவில்லை, வேலையை விட்டும் நிறுத்தவில்லை. எஜமானர்களுக்கு அவர் மேல் கோபமே இல்லை. ஏன் இருக்கப்போகிறது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அடுப்பு எரிய வேண்டும். பெண்கள் வீட்டுக்கு வீடு பிஸ்கட் டின், மண்ணெண்ணெய்த் தகரம், கரண்டி என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் போனேன். தகரத்தைத் தட்டிக்கொண்டு, "மனுசருங்க வர்றோம், மனுசருங்க வர்றோம்" என்று கத்திக்கொண்டே காட்டுக்குள் நடந்தோம். முதலில் எங்களுக்கே வெட்கமாக இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் வெட்கம் போய்விட்டது. ஒருத்தி கத்திக் களைத்தால் இன்னொருத்தி கத்துவாள். குனியும்போது கட்டாயம் யாராவது கத்திக்கொண்டிருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். இதைவிடக் கேவலம் ஒரு மனுஷ ஜென்மத்துக்கு வேண்டுமா என்று நான் அழுதுகொண்டே தட்டினேன்.

அப்படி இரண்டு மூன்று வாரம்கூடப் போகவில்லை. சத்தத்துக்கு மரை எல்லாம் ஓடிவிடுகிறது, காசு கட்டி லைசென்ஸ் எடுத்தவர்களுக்கு நஷ்டம் என்று வேட்டைக்கு வந்தவர்கள் புகார் சொன்னார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் வைத்துக் கண்டாக்கையா சொன்னார்: பருவம் முடியும்வரை தோட்டத்து ஆட்கள் காட்டுக்குள் கால் வைக்கக்கூடாது, உங்கள் பாதுகாப்புக்குத்தான் சொல்கிறோம். துப்பாக்கிக்குத் தடை இல்லை. போர்டில் புதிதாக ஒரு வரி ஏறியது. அந்த ஒரு வரி மட்டும் தமிழில் இருந்தது. அந்த வருஷம் நாங்கள் காய்ந்த மானாப்புல்லையும் மாட்டுச் சாணத்தையும் எரித்தோம்.

இத்தனைக்கும் நடுவில் பெரிய துரை அவரைக் கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழமை ஆள் வருது, போறியா?" என்று கேட்டிருக்கிறார். அவர் போனார். பாக்கியம் சின்னம்மாவுக்குக் கருமாதிகூட ஆகவில்லை. விடியற்காலையில் யாரோ ஒருவருடைய துப்பாக்கிப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலைக் கடந்து ஏறிப் போனார். அன்றைக்கு லயம் மொத்தமும் அவரோடு பேச்சை நிறுத்தியது. பீலியடியில் பெரியம்மா வந்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு விலகினார்கள். பிள்ளைகள்கூட மாடு என்று கூப்பிடுவதை விட்டுவிட்டன. கேட்பதற்கு ஆள் இல்லாமல் போனதும் அவருக்குப் பேச்சே இல்லாமல் போயிற்று. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து இருமல் மட்டும் கேட்கும்.

எனக்கு அவர் மேல் வந்த கோபத்தை எழுதினால் காகிதம் தாங்காது. கெட்டவனை வெறுப்பது சுலபம். அவர் கெட்டவர் இல்லை. எங்கள் எல்லாரிடமும் இருக்கிற ஒன்றுதான் அவரிடம் கொஞ்சம் அதிகமாக இருந்தது. கண்டாக்கையா சிரித்தபோது நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி வரவில்லையா? பெரட்டில் தடை சொன்னபோது தலையாட்டிக்கொண்டு மலைக்குப் போகவில்லையா? இதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அப்போது அவர் மேல் துப்பினால் போதும் என்று இருந்தது.

கருமாதி முடிந்த மறுநாள் பகலில் சுப்பையா சித்தப்பா அவர் காம்பராவுக்கு வந்தார். பெரியம்மா துணி துவைக்கப் போயிருந்தாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் பிள்ளைகளின் சிலேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் உள்ளே வந்ததும் பலகை கிரீச்சிட்டது, உட்கார்ந்திருக்கிறார். கத்தியோடு வந்திருப்பாரோ என்று எழுந்துவிட்டேன். ஆனால் குரல் அப்படி இல்லை.

"அண்ணே, உங்களைச் சண்டை புடிக்க வரலை. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அது மனுசின்னு உங்களுக்குத் தெரிஞ்சிச்சா?"

கையிலிருந்த சிலேட்டைச் சத்தமில்லாமல் கீழே வைத்தேன்.

"ஆமா தம்பி," என்றார் பெரியப்பா.

கூரைத் தகரத்தில் சருகு உருளுகிறது கேட்டது. பிறகு சித்தப்பா மறுபடி கேட்டார். இந்தத் தடவை குரல் கெஞ்சியது.

"தெரியலைதானே உங்களுக்கு? மூட்டத்துல தெரிஞ்சிருக்காதுதானே?"

"ஆமா தம்பி."

"ரெண்டுக்கும் ஆமான்னா நான் எதைண்ணே எடுத்துக்கிட்டுப் போறது?"

அதற்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாரோ என்னவோ, எனக்குத் தெரியவில்லை. "ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்கண்ணே. எதுவா இருந்தாலும் சரி. தெரிஞ்சுதான் சொன்னேன்னு சொன்னாக்கூட நான் போயிருவேன்," என்றார் சித்தப்பா. அவர் அழுகிறது கேட்டது. அப்புறம் பெரியப்பா அழுகிறதும் கேட்டது. இரண்டு ஆம்பிளைகள் அப்படி அழுது நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. சித்தப்பா எப்போது எழுந்து போனார் என்று எனக்குத் தெரியாது. நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

பெரியப்பா அதற்குப் பிறகும் பல வருஷம் அங்கேதான் இருந்தார். பிறகு இரண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் ஆகி, யார் இந்தியா போகிறீர்கள், யார் இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அவர் இந்தியாவுக்குப் போனார். கேட்டவர் "இந்தியாவுக்குத்தானே?" என்று கேட்டிருப்பார். அங்கே அவருக்கு ஒருவரும் இல்லை என்று எங்களுக்கெல்லாம் தெரியும். பெரியம்மா போகிற அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவர் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, போர்ட்டர் கேட்டதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தார். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது. போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை.

சுப்பையா சித்தப்பா அதற்கு வெகுநாள் முன்பே போய்விட்டார். கருமாதி கழிந்த அந்த வாரமே நோர்வூட் பக்கம் அவருடைய அக்கா இருந்த தோட்டத்துக்கு வேலைப் பேர்ப்பதிவை மாற்றிக்கொண்டார். புறப்பட்ட காலையில் பெரிய பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு, சின்னதை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். பெரியப்பா காம்பராக் கதவு சாத்தியிருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ சுவத்துக்கு இந்தப் பக்கம்தானே இருந்தே புள்ள. கேட்டிருப்பே."

"கேட்டேன் சித்தப்பா."

"நீ படிச்ச புள்ள. அவரைச் சின்ன வயசிலேருந்து கேட்டுக்கிட்டு இருக்கே. அந்தக் குரல் உனக்குத் தெரியும்." சின்னப் பிள்ளை அவர் சட்டைப் பொத்தானை வாயில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தது. அவர் அதைத் தடுக்கவில்லை. "அவருக்குத் தெரியலைதானே? மரைன்னு நெனச்சுத்தானே சொல்லியிருப்பாரு?"

எனக்கு என்ன தெரியும்? அன்றைக்கும் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஆமா சித்தப்பா," என்றேன்.